பலாக்கட்டையில் ஒரு கிதார்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேருக்கு நேரா "கடன் பெற்று முன்னேறிய உறுப்பினரின் அனுபவம்" என்று போட்டிருக்கு. முன்னேறினேனா இல்லையா என்பதை நான் முடிச்ச பிறகு நீங்களே சொல்லுங்க. நடந்ததை நடந்தபடி சொல்லுதேன்.

எங்க குழுவோட கடன் பதிவேட்டை எடுத்துப் பார்த்தா, நோக்கம் என்கிற கட்டத்தில் கறவை மாடு, தையல் மிஷின், பலசரக்குக் கடை, மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று வரிசையா இருக்கும். 2023 ஜனவரி மாசப் பக்கத்தில் ஒரே ஒரு வரி மட்டும் "கிதார்" என்று இருக்கும். தணிக்கைக்கு வந்த அம்மா அந்த வரியில் விரலை வச்சு, "இது என்னம்மா, எழுத்துப் பிழையா? கிடாரியா?" என்று கேட்டாங்க. கிடாரிக் கன்னு வாங்கியிருப்பேன்னு நெனச்சுட்டாங்க. எங்க ஊக்குநர் அக்கா சிரிப்பை அடக்க முடியாம வெளிய போயிட்டாங்க.

நான் தச்சு வேலை செய்யுற வீட்டுல பிறந்தவ. எங்கப்பாவுக்கு ஆம்பளப் பிள்ளை கிடையாது. ரம்பத்தோட மறுமுனையைப் பிடிக்க ஆள் வேணும், அதனால என்னைப் பிடிக்கச் சொன்னாங்க. பத்து வயசுல இழைப்புளி தள்ளப் படிச்சேன். கல்யாணம் ஆகி வந்த பிறகு உளியும் கொட்டாப்புளியும் பரணுக்குப் போயிடுச்சு. பொம்பளை கதவு நிலை செய்யுதேன்னா யாரு வேலை கொடுப்பா? நூறு நாள் வேலைக்குப் போனேன், பீடி சுத்தினேன்.

எங்க வீடு மலையடிவாரத்துல. கொல்லையில எங்க மாமியார் வச்ச பலா ஒண்ணு நின்னுச்சு. வருஷா வருஷம் சீசன் நேரத்துல பழத்தை வெட்டி, குற்றாலத்துல ரோட்டோரம் சுளைக்கடை போடுறவங்களுக்குக் கொடுப்போம். 2021 ஆனி மாசம் சாரலோட அடிச்ச காத்துல, ராத்திரி ரெண்டு மணிக்கு வேரோட சாஞ்சுது. நல்ல வேளை, வீட்டுப் பக்கம் விழல. காலைல பார்த்தா எங்க மாமியார் அது பக்கத்துல உக்காந்து, செத்தவங்க வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்காங்க.

மரவியாபாரி ஒருத்தர் வந்தாரு. சுத்தி வந்து பார்த்துட்டு, "உள்ள பொந்து விழுந்திருக்கும், விறகு விலைதான்" என்றாரு. 6,000 ரூபா தாரேன்னாரு. நான் அப்பா பண்ணுற மாதிரி சுத்தியலோட பின்பக்கத்தால அடிமரத்தைத் தட்டிப் பார்த்தேன். பொந்து இருந்தா சத்தம் கொடகொடன்னு வரும். இது கணீர்னு வந்துச்சு. "அண்ணாச்சி, மரம் விக்கிறதுக்கில்ல" என்று சொல்லிட்டேன். என்ன செய்யப் போறேன்னு எனக்கே தெரியாது, பாத்துக்கிடுங்க. பொய் சொல்லி விலை குறைச்சாரே என்கிற கோவம்தான்.

கீழே விழுந்த மரம்தான். இருந்தாலும் மலையோரம் இருக்கிறதால, வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் வனத்துறையிலும் கேட்டுக்கிட்டுத்தான் வண்டியில ஏத்தினோம். மரம் சம்பந்தமா எது செய்யுறதா இருந்தாலும் முதல்ல இதைக் கேட்டுக்கோங்க. அறுவை மில்லுல ஒரு அங்குலப் பலகையா அறுத்தோம். அடிக்கட்டையில ஒரு துண்டை தவில் செய்யுறவங்க வாங்கிக்கிட்டாங்க. கிளை எல்லாம் விறகுக்குப் போச்சு. அந்தப் பணத்துல அறுவைக் கூலி சரியாப் போச்சு. அறுத்த அன்னைக்குப் பலகை மஞ்சக் கிழங்கு நிறத்துல இருந்துச்சு. மரத்தூள் பட்டு என் சேலை முந்தானை மஞ்சளாயிடுச்சு, இன்னும் போகல. பர்மாவிலயும் தாய்லாந்துலயும் புத்த பிக்குகள் கட்டுற துணிக்கு இந்தப் பலாக்கட்டை வைரத்தைக் கொதிக்க வச்சுத்தான் சாயம் ஏத்துவாங்களாம். அப்ப என் சேலைக்கும் ஒரு புண்ணியம்.

இப்ப கிதாருக்கு வாரேன். எங்க குழுவுல இருக்கிற ஒரு தங்கச்சியோட மக சர்ச் பாடகர் குழுவுல கிதார் வாசிக்கும். அது வச்சிருந்தது விலை குறைஞ்ச பிளைவுட் கிதார். மழையில நனைஞ்சு மேல்பலகை ஒட்டு விட்டுப் போச்சு. வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து, "பெரியம்மை, இதை ஒட்டித் தருவீங்களா" என்று கேட்டுச்சு. பிரிச்சுப் பார்த்தா ஒட்டுறதுக்கு ஒண்ணுமில்ல, அப்பளம் மாதிரி ஏடு ஏடா வருது. அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாம வாய் தவறி, "உனக்குப் பலாவுல ஒண்ணு செஞ்சு தாரேன்" என்று சொல்லிட்டேன். உடைஞ்ச கிதாரை என்கிட்டயே வச்சுக்கிட்டேன். அதைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டையும் அட்டையில வரைஞ்சு, அதுதான் எனக்கு முதல் பாடப் புத்தகம்.

வாய் தவறிச் சொன்னாலும் பலான்னு ஏன் சொன்னேன் என்றால், எங்கப்பா சொல்லிக் கேட்டது. நம்ம வாத்தியத்துல பாதி பலாதான். வீணை பலா, மிருதங்கம் பலா, தவில் பலா, கஞ்சிராச் சட்டம் பலா. நாதஸ்வரத்துக்கு மட்டும் ஆச்சா மரம். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைச்சுது. அதுல ஒரே கட்டையில குடைஞ்சு செய்யுறதை ஏகாந்த வீணை என்று சொல்லுவாங்க. குடம், தண்டி எல்லாம் தனித்தனியாச் செஞ்சு சேர்க்கிறது ஒட்டு வீணை. பலாவுல அப்படி என்ன விசேஷம் என்றால், ஈட்டி மாதிரி கனம் கிடையாது, ஆனா வைரம் பாஞ்ச பகுதியைக் கரையான் லேசுல தொடாது. நல்லா காஞ்சிட்டா அவ்வளவாக் கோணாது. குடைஞ்சு மெலிசாக்கினாலும் பிளக்காது. வயசாக வயசாக மஞ்சள் போய்த் தேன் நிறம் வந்து, அப்புறம் செம்பழுப்பாகும்.

தஞ்சாவூருக்கு என் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போனப்ப, வீணை செய்யுற ஒரு பெரியவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். நான் சொன்னதைக் கேட்டுட்டு அவர் சிரிக்கல. ஆனா ஒண்ணு சொன்னாரு: "அம்மா, நாங்க கட்டையைக் குடையுறோம். கிதார் குடையுற வேலை இல்ல, வளைக்கிற வேலை. ரெண்டு மில்லிப் பலகையை வளைச்சு ஒட்டணும். அதுக்குப் பலா என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாது." அந்த வார்த்தை எவ்வளவு சரின்னு எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

குழுவுல கடன் கேட்ட நாள் பெரிய கூத்து. பன்னிரண்டு பேர் நாங்க. 18,000 ரூபா உள்கடன், பதினெட்டு மாசம், மாசம் ஆயிரமும் நூத்துக்கு ஒரு ரூபா வட்டியும். மெலிசு இழைப்புளி, இருபது கிளாம்ப், மெட்டு வெட்டுற நைஸ் ரம்பம், மெட்டுக் கம்பி, தந்தி முறுக்குற சாவி, தந்தி, அப்புறம் மேல்பலகைக்கு ஸ்புரூஸ் என்கிற வெளிநாட்டு ஊசியிலை மரம், இதெல்லாம் வாங்கணும். மேல்பலகைக்குப் பலா போடலையான்னு கேப்பீங்க. தந்தி அதிர்ச்சியை வாங்கி ஆடுறது மேல்பலகைதான். அது எடை குறைவா, விறைப்பா இருக்கணும். அதுக்கு ஸ்புரூஸ்தான் தோது. பின்பலகை, பக்கப் பலகை, கழுத்து, இதெல்லாம் நம்ம பலா.

ரெண்டு பேர் வேண்டாம்னாங்க. ஒரு அக்கா நேராவே கேட்டாங்க: "ஏட்டி, இதை வாங்குறதுக்கு ஆள் யாரு? சீசனுக்கு வாறவன் அருவியில குளிப்பானா, கிதார் வாங்குவானா?" அது நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்ல.

எங்க குழுவுல மூத்த ஆச்சி ஒருத்தங்க வேற ஒண்ணு கேட்டாங்க. "பலா நம்ம குற்றாலநாதர் கோயில் தலமரம். அதுல உளி வைக்கலாமா?" எல்லாரும் அமைதியாயிட்டாங்க. குறும்பலா என்று சொல்லுற மரம். சம்பந்தர் குற்றாலத்துக்கு ஒரு பதிகமும், அந்தக் குறும்பலாவுக்கென்று தனியா ஒரு பதிகமும் பாடியிருக்காரு. ஒரு மரத்துக்குத் தனிப் பதிகம்! சங்கு வடிவத்துல இருக்கிற அந்தக் கோயிலுக்குள்ள போனா, எங்க மாமியார் சாமியைக் கும்பிட்ட கையோட அந்தப் பலாவையும் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் வருவாங்க. நான் ஆச்சிகிட்ட சொன்னேன்: "ஆச்சி, நான் வெட்டல, காத்து தள்ளிச்சு. அடுப்புக்குப் போறதா, பாட்டுக்குப் போறதான்னுதான் கேள்வி." ஆச்சி ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "அடுப்புக்குப் போக வேண்டாம்" என்றாங்க. அதுக்குப் பிறகு தீர்மானப் புத்தகத்துல பத்துப் பேர் கையெழுத்துப் போட்டாங்க. வேண்டாம்னு சொன்ன ரெண்டு பேரும் கடைசியில போட்டாங்க, ஆனா முகத்தைத் திருப்பிக்கிட்டு.

பலகை அதுக்குள்ள ஒண்ணரை வருஷம் காஞ்சிருந்துச்சு. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழல்ல காயணும்னு எங்கப்பா கணக்கு. முனையில வெடிக்காம இருக்க மெழுகு தடவி, நடுவுல குச்சி வச்சு அடுக்கியிருந்தேன். அதை மில்லுல இன்னும் மெலிசா அறுத்து, மீதியை நான் இழைச்சேன். பலாவுல ஒரு கெட்ட குணம் உண்டு. அதோட நார் ஒரே பக்கம் ஓடாது, ஒரு விரல் தூரம் இந்தப் பக்கம், அடுத்த விரல் தூரம் அந்தப் பக்கம். நேரா இழைச்சா சிராய் பிய்ச்சுக்கிட்டு வரும். உளியை நல்லாத் தீட்டி, சாய்ச்சுப் பிடிச்சு, கடைசியில உப்புத்தாள்ல தேச்சுத்தான் ரெண்டு மில்லிக்குக் கொண்டுவந்தேன். பக்கப் பலகையை ஊற வச்சு, சூடான இரும்புக் குழாய் மேல வச்சு வளைக்கணும். முதல் மூணு பலகை முறிஞ்சு போச்சு. நாலாவது வளைஞ்சப்ப பிள்ளைங்க கைதட்டுச்சு. அடுக்களையில பலாப்பழம் வேகுற மாதிரி ஒரு வாசனை வேற.

மெட்டுக் கணக்கைக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா எட்டாம் கிளாஸ் படிச்ச எனக்கு இதுதான் பெருமை. வீணையில 24 மெட்டையும் மெழுகுல பதிப்பாங்க. கொஞ்சம் தள்ளிப் போச்சுன்னா மெழுகை இளக்கி நகர்த்திக்கலாம். கிதார்ல பலகையில கோடு அறுத்து கம்பியை அடிச்சு இறக்கிடுறோம். ஒரு மில்லி தப்பினா தப்பினதுதான். தந்தி நீளம் 650 மில்லி என்று வச்சுக்கிட்டேன். அதை 17.817ஆல் வகுத்தா 36.5. அது முதல் மெட்டு. மிச்சம் இருக்கிற 613.5ஐ மறுபடி 17.817ஆல் வகுத்தா 34.4. அது ரெண்டாவது. இப்படியே மிச்சத்தை மிச்சத்தை வகுத்துக்கிட்டே போனா பன்னிரண்டாவது மெட்டு சரியா நடுவுல, 325இல் வந்து நிக்கும். நடுவுல வந்தா கணக்கு சரி, வரலைன்னா எங்கயோ தப்பு. முதல் பலகையில எனக்கு 321இல் வந்துச்சு. அந்தப் பலகை இப்ப எங்க வீட்டுல தேங்காய் உடைக்கப் பயன்படுது.

நைலான் தந்திதான் போட்டேன். இரும்புத் தந்தி ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல இழுக்கும். நைலான் 40 கிலோ அளவுதான். முதல் முயற்சிக்கு எதுக்கு வீண் பலப்பரீட்சை? 2023 ஆடி மாசம், வெளியே சாரல் விழுந்துக்கிட்டே இருக்க, பின்பலகையை ஒட்டி மூடினேன். ஆவணியில தந்தி கட்டினேன். அந்தப் பிள்ளை திண்ணையில உக்காந்து முதல் தடவை விரலை வச்சப்ப, எங்க மாமியார் கொல்லைப் பக்கம் இருந்து ஓடி வந்தாங்க. ஒண்ணும் சொல்லல. கிதாரோட முதுகைத் தடவிப் பார்த்துட்டு உள்ள போயிட்டாங்க. விலை 8,000 என்று பேசி, 4,000 அந்தத் தங்கச்சி கொடுத்தா. மீதி கிறிஸ்துமஸ் முடிஞ்சு, மெதுவா.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு சர்ச்சுல அதுதான் வாசிச்சாங்க. நான் பின் பெஞ்சுல உக்காந்து கேட்டேன். ஊரெல்லாம் பேசினாங்க. நானும் கொஞ்சம் தலைக்கனமாத்தான் திரிஞ்சேன்.

2024 பங்குனி. வெயில் கொளுத்துது. ஒரு மத்தியானம் அந்தப் பிள்ளை அழுதுக்கிட்டே கிதாரைத் தூக்கிட்டு வருது. பின்பலகை நடுவுல மேல இருந்து கீழ வரை ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. "பெரியம்மை, நான் கீழ போடல, சத்தியமாப் போடல. தானா டப்புன்னு சத்தம் கேட்டுச்சு" என்குது. அது போடலன்னு எனக்குப் பார்த்த உடனேயே தெரிஞ்சுது. தப்பு என்னோடது.

மரம் காஞ்ச பிறகும் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கும். சாரல்ல ஈரத்தை இழுக்கும், கோடையில விடும். நீளவாக்குல கிட்டத்தட்ட ஒண்ணும் மாறாது. அகலவாக்குல விரியும், சுருங்கும். கிதாரோட பின்பலகை அகலமான இடத்துல 37 சென்டிமீட்டர். அது நூத்துல ஒரு பங்கு சுருங்கினாலே கிட்டத்தட்ட 4 மில்லி. ஆனா உள்ள குறுக்கே ஒட்டியிருக்கிற தாங்கு பட்டிக்கு அது நீளவாக்கு, அதனால அது சுருங்காது. பலகை சுருங்கப் பார்க்குது, பட்டி விடமாட்டேங்குது. வேற வழியில்லாம பலகை வெடிக்கும். நான் ஒட்டினது ஆடிச் சாரல்ல, பலகை ஈரம் குடிச்சு விரிஞ்சு நின்ன நேரத்துல. கதவு நிலைக்கு அது பரவாயில்ல, கதவு கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான். கட்டையைக் குடையுறவங்களுக்கு இந்தப் பிரச்சனை இவ்வளவு வராது. தஞ்சாவூர்ப் பெரியவர் சொன்னது இதுதான்.

அடுத்த குழுக் கூட்டத்துல எழுந்து சொன்னேன்: கிதார் வெடிச்சுது, காரணம் நான், மீதி 4,000 எனக்கு வேண்டாம், சரி பண்ணித் தாரேன். சொல்லும்போது தொண்டை அடைச்சுது. அந்த மீதிப் பணத்தை நம்பித்தான் கடைசி நாலு தவணையை வச்சிருந்தேன். ஏப்ரல், மே ரெண்டு மாசமும் தவணை கட்ட முடியல. அப்பதான் எங்க குழுவை வங்கிக் கடனுக்குத் தரம் பார்க்க வரப் போறாங்க. தவணை தவறின பேர் ஒண்ணு இருந்தா மொத்தக் குழுவுக்கும் மதிப்பெண் குறையும்னு உங்களுக்கெல்லாம் தெரியும். ஒருத்திக்கு மாட்டுக் கொட்டகை, ஒருத்திக்கு மகன் காலேஜ் பீஸ், எல்லாரும் அந்தக் கடனை நம்பி இருக்காங்க. என்னோட ஒரு கிதாருக்காகப் பதினோரு பேர் வீட்டுல அடுப்பு அணையணுமா? நாலு ராத்திரி தூங்கல.

வேண்டாம்னு முகத்தைத் திருப்பின அந்த அக்காதான் வந்தாங்க. வாசப்படியில நின்னே, "கிதாரை விடு. அந்தப் பலகையில சப்பாத்திக் கட்டை வருமா?" என்று கேட்டாங்க. எனக்கு அது தோணவே இல்ல, பாத்துக்கிடுங்க. மீதிப் பலாவுல சப்பாத்திப் பலகை, உருட்டுக்கட்டை, மத்து, அஞ்சறைப் பெட்டி. பகல்ல நான் செதுக்க, சாயங்காலம் அந்த அக்காவும் இன்னும் ரெண்டு பேரும் வந்து உப்புத்தாள் போட்டு எண்ணெய் தேச்சாங்க. கூட்டமைப்புக் கடையில வச்சோம். சீசன் ஆரம்பிச்சதும் குற்றாலத்துல சுளைக்கடைக்காரங்க பக்கத்துல ஒரு சாக்கை விரிச்சுப் போட்டோம். பழத்தைத் தின்னுட்டு அதே மரத்துல செஞ்ச பலகையைப் பார்த்ததும் வாங்கினாங்க. ஜூன் இரண்டாவது வாரத்துல தவறின ரெண்டு தவணையையும் சேர்த்துக் கட்டினேன். தரம் பார்க்க வந்தவங்க பதிவேட்டைப் புரட்டினப்ப என் பேருல நிலுவை இல்ல. ஜூலையில கணக்கு முடிஞ்சுது.

கிதாரையும் சரி பண்ணினேன். வெடிப்புல அதே பலாவுல இருந்து முடி மாதிரி ஒரு சிம்பை இறக்கி, உள்பக்கம் சின்னச் சின்னப் பட்டை வச்சு ஒட்டினேன். தழும்பு தெரியும். தெரியட்டும்.

ரெண்டாவது கிதாரை அவசரப்படாம 2025 மாசி, பங்குனியில ஒட்டினேன். வெயில் காலத்துல பலகை சுருங்கி நிக்கும்போது ஒட்டிட்டா, சாரல்ல அது விரியும்போது முதுகு கொஞ்சம் உப்பும், வெடிக்காது. ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். ஐம்பதைச் சுத்தி இருக்கணும், சாரல் நேரத்துல அது எண்பது, தொண்ணூறுன்னு காட்டும். பலகையை வைக்கிற பீரோவுக்குள்ள ஒரு குண்டு பல்பை எரிய விடுதேன். எங்க வீட்டுக்காரர் கோழிக்குஞ்சு பொரிக்கப் போறியான்னு கேட்டாரு.

இது ஏதோ நான் மட்டும் கண்டுபிடிச்ச கிறுக்குன்னு நெனச்சுடாதீங்க. பிலிப்பைன்ஸ் நாட்டுல செபு என்கிற பக்கம், லாப்பு-லாப்பு நகரத்துல, கிதார் செய்யுறது குடிசைத் தொழில் மாதிரி. அங்க பலாவிலதான் ரொம்ப காலமாச் செய்யுறாங்க. பலாவுக்கு அந்த நாட்டுல லங்கா என்று பேர். ஹவாய்த் தீவுல மாமரத்துல உகுலேலே என்கிற குட்டி கிதார் செய்யுறாங்க. இன்னொன்னும் சொல்லணும். உலகத்துல பெரிய பெரிய கிதார்க்காரங்க பின்பலகைக்குத் தேடுற மரத்துல ஒண்ணு நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி. வெட்டி வெட்டிக் குறைஞ்சு போனதால 2017 ஜனவரியில இருந்து ஈட்டி இனம் முழுசையும் உலக அளவுல வணிகக் கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டுவந்தாங்க. செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்கு மட்டும் 2019 நவம்பர்ல கொஞ்சம் தளர்த்தினாங்க. காட்டுல போய் ஈட்டியைத் தேடுறதுக்கு, கொல்லையில காத்துல விழுற பலாவைப் பார்க்கலாமேன்னு எனக்குத் தோணுது. பலாவைக் காய்க்கிற வரைக்கும் யாரும் வெட்ட மாட்டாங்க, அதுதான் அதுக்குக் காவல். காய்க்கிற மரத்தை கிதாருக்காக வெட்டுனா நானே வந்து சண்டை போடுவேன்.

கணக்கையும் சொல்லிடுதேன், அதுக்குத்தானே கூப்பிட்டாங்க. ஒரு கிதாருக்குச் சாமான் செலவு 6,500 வரை ஆகுது. நாப்பது நாள் வேலை, அதுவும் வீட்டு வேலைக்கு நடுவுல. ரெண்டாவது கிதார் 15,000க்குப் போச்சு. கழிச்சா 8,500. நாள் ஒண்ணுக்கு 212 ரூபா. அப்ப நூறு நாள் வேலைக் கூலியே இதை விட ஜாஸ்தியா இருந்துச்சு. சப்பாத்திக் கட்டையிலதான் காசு நிக்குது. அதனால யாரும் என்னைப் பார்த்துட்டுப் போய் நாளைக்கே நோக்கம் என்கிற கட்டத்துல கிதார்னு எழுதிடாதீங்க. நான் இப்ப வருஷத்துக்கு ஒண்ணுதான் செய்யுறேன், பங்குனியில. மீதி நாளு நாங்க நாலு பேர் சேர்ந்து அடுக்களைச் சாமான் செய்யுறோம். அந்த அக்காதான் விற்பனை. என்னை விட நல்லா விலை பேசுவாங்க. மரம் தீந்து போனா என்ன செய்யப் போறோம் என்பதுதான் இப்ப எங்க யோசனை. காத்துல விழுந்த பலா யார் வீட்டுலயாவது கிடந்தா, விறகு விலைக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு போன் போடுங்க. நாங்க தட்டிப் பார்த்து, உள்ளதைச் சொல்லி விலை தருவோம்.

எங்க மாமியார் அந்த இடத்துல மறுபடி ஒரு பலாக் கன்னு வச்சிருக்காங்க. இடுப்பு உயரம் வந்திருக்கு.

அந்தப் பிள்ளை இப்ப பன்னிரண்டாவது படிக்குது. தழும்பு விழுந்த கிதாரோடதான் வந்திருக்கு, புதுசு செஞ்சு தாரேன்னாலும் வேண்டாங்குது. நான் பேசினதை விட அது வாசிக்கிறதைக் கேட்டீங்கன்னா விஷயம் புரியும். தம்பி, அந்த மைக்கைக் கொஞ்சம் கீழ இறக்கிக் கொடு. இன்னும் கொஞ்சம். ம், போதும்.